ஒரு டப்பா கூடுதல்

குட்டிகளின் தோலைக் கெடுத்தது மாப்பிள்ளைதான். இதை முதலிலேயே போட்டு உடைத்துவிடுவது நல்லது. அந்தப் பண்ணையில் இதை அவர் முகத்துக்கு நேரே சொல்ல ஓர் ஆள் இல்லாமல்தான் காரியம் அவ்வளவு தூரம் முற்றியது.

கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. கெட்ட எண்ணக்காரனாக இருந்தால் பாதியில் சலித்துப்போய் விட்டுவிட்டிருப்பான். மாப்பிள்ளை அன்போடு செய்தார். அதனால் ஒரு நாள் தவறாமல் செய்தார்.

அதற்கு முன்பு அவர் செருப்புக் கடையில் இருந்தவர். வந்தவர் பாதத்தைக் கையில் ஏந்தி, விரல் நுனியில் கட்டைவிரலை அழுத்திப் பார்த்து, "எழுந்து நடந்து பாருங்க" என்று சொல்லியே தலை நரைக்க ஆரம்பித்தவர். கடை மூடிவிட்டது. அன்றிலிருந்து அவருக்குப் பேச்சும் குறைந்துபோனது. வீட்டுக்கு யார் வந்தாலும் அவர்கள் காலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். மனைவி சில மாதம் பொறுத்துப் பார்த்தாள். பிறகு சாமான்களை மூட்டை கட்டி, அவரையும் ஒரு சாமானாகச் சேர்த்துக்கொண்டு, அப்பாவின் பன்றிப் பண்ணைக்கு வந்து சேர்ந்தாள்.

மாமனாருக்கும் அப்போது ஆள் தேவைப்பட்டது. கண்ணில் புரை விழுந்திருந்தது. தராசில் தெரிவது மூன்றா எட்டா என்று அவருக்குப் பிடிபடவில்லை. தீவனம் கலக்கிறவன் மூன்றை எட்டாகப் பார்த்தால் அது வயிற்றில் போய்த்தான் தெரியும்.

"தீவன ரூமை இனிமே மாப்பிள்ளை பாத்துக்கட்டும்" என்றார் அவர். இரண்டு நாள் பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் காட்டிக்கொடுத்தார். மக்காச்சோள மாவு இவ்வளவு, சோயாப் புண்ணாக்கு இவ்வளவு, தவிடு இவ்வளவு. கடைசியாகச் சின்னத் தராசில் நிறுக்க வேண்டிய பொடிகள்: உப்பு, சுண்ணாம்புத்தூள், பழுப்பாக இருக்கும் தாது உப்புக் கலவை. அந்தக் கலவைக்குள்தான் இரும்பு, தாமிரம், துத்தநாகம் எல்லாம் கண்ணுக்குத் தெரியாத அளவில் ஒளிந்திருக்கின்றன. எல்லாவற்றையும் கலவை இயந்திரத்தில் கொட்டிச் சுற்றவிட்டு, மேல் மாவும் கீழ் மாவும் ஒரே நிறத்துக்கு வரும்வரை காத்திருக்க வேண்டும்.

மாப்பிள்ளைக்கு அந்த அறை பிடித்துப்போனது. மாவுத்தூசி மீசையில் படிய, தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, இயந்திரம் சுற்றுகிற சத்தத்துக்குத் தலையாட்டிக்கொண்டு நின்றார். சாப்பாட்டு நேரத்தில் பேசக்கூட ஆரம்பித்தார். அதுவும் முழுக்க முழுக்கப் பன்றிக்குட்டிகளைப் பற்றி. மனைவிக்குக் கண் கலங்கியது. வெங்காயத்தின் மேல் பழியைப் போட்டாள்.

வினை காலில்தான் வந்தது. தாய்ப்பாலை மறக்கடித்துப் புதிதாகக் கொட்டகைக்கு மாற்றிய குட்டிகளைப் பார்க்கப் போனவர், பழக்கதோஷத்தில் முதலில் கால்களைப் பார்த்தார். ஒரு குட்டிக்குப் பின்னங்கால் விலகிப்போனது. இன்னொன்று தீவனத் தொட்டிக்கு ஓடிவந்து, நிற்க முடியாமல் தொட்டிக்குள்ளேயே போய் விழுந்தது. எலும்பில் பலமில்லை என்று மாப்பிள்ளை அந்த இடத்திலேயே முடிவு கட்டினார். மறுநாள், நிறுத்துப் போட்ட சுண்ணாம்புத்தூளுக்கு மேலே ஒரு டப்பா கூடுதலாகப் போட்டார். யாரிடமும் சொல்லவில்லை. நல்லது செய்கிறவர் தம்பட்டம் அடித்துவிட்டா செய்வார்? அதன் பிறகும் கால்கள் வழுக்கின. டப்பாவைக் கோபுரமாக அள்ள ஆரம்பித்தார்.

மழை பிடித்துக்கொண்ட நாட்கள் அவை. முதலில் குட்டிகளின் அடிவயிற்றில் செம்புள்ளி தெரிந்தது. பிறகு காதுக்குப் பின்னால், குளம்புக்கு மேலே, தொடை மடிப்பில் என்று காய்ந்த மரப்பட்டை மாதிரி ஏடு கட்டியது. தொட்டியில் தீவனம் மிச்சம் கிடந்தது. கழிவு இளகிப் போனது. தூக்கிப் பார்த்தால் போன வாரக் கனம்தான் இந்த வாரமும் இருந்தது.

சுண்ணாம்புத்தூள் மூட்டை மாதம் முடியுமுன்னே தொளதொளத்துப் போனதை முதலில் கவனித்தவன் மைத்துனன். அவன் அக்காவிடம் சொன்னான். அக்கா அப்பாவிடம் சொன்னாள். அப்பா போய் மூட்டையைத் தடவிப் பார்த்துவிட்டு வந்தார்.

"மாப்பிள்ளகிட்ட யாரும் எதுவும் கேட்டுடாதீங்க" என்றார். "கடை மூடி நொந்துபோய் வந்த மனுஷன். இப்பத்தான் நாலு வார்த்தை பேசுறாரு. நான் பக்குவமா பாத்துக்கிறேன்."

அவருடைய பக்குவம் என்னவென்றால், சுண்ணாம்புத்தூள் மூட்டையைத் தூக்கிப் பழைய வண்டிக்குப் பின்னால் ஒளித்துவைத்தது. காலையில் மூட்டையைக் காணாத மாப்பிள்ளை, பாவம், மாமாவுக்கு வயதாகிவிட்டது, வாங்க மறந்துவிட்டார் என்று நினைத்தார். பைக்கை எடுத்துக்கொண்டு போய், சொந்தக் காசில், இன்னும் பெரிய மூட்டையாக வாங்கிவந்து இறக்கினார்.

"மாமா, இனி கவலப்படாதீங்க. ரெண்டு மாசத்துக்கு வரும்."

மாமனார் அந்த மூட்டையைப் பார்த்தார். வானத்தைப் பார்த்தார்.

"நல்லதுங்க மாப்பிள்ள" என்றார்.

குட்டிகளின் தோல் நாளுக்கு நாள் கறுத்து வெடித்தது. மாப்பிள்ளைக்குச் சோறு இறங்கவில்லை. கொட்டகை கழுவிக்கொண்டிருந்த மைத்துனனிடம் போய் நின்றார்.

"மச்சான், நேரா ஒண்ணு கேக்குறேன். என் கை பட்ட பொறவுதான் இப்படி ஆயிருக்கு. என்னாலயா?"

மைத்துனன் தண்ணீர்க் குழாயை இன்னும் வேகமாகத் திறந்துவிட்டான். "என்ன மச்சான்? கேக்கல!"

"என்னாலயான்னு கேட்டேன்!"

"மழ மச்சான்! ஈரம்! எல்லாப் பண்ணையிலயும் இதே கதைதான்!"

"எந்தப் பண்ணையில?"

"அது… பொதுவா சொன்னேன். கொஞ்சம் தள்ளி நில்லுங்க, பேன்ட் நனையுது."

பேன்ட்டை நனைத்ததும் அவன்தான்.

மறுநாள் கால்நடை டாக்டரம்மா வந்தார். சின்ன உருவம், பெரிய ரப்பர் பூட்ஸ். மாப்பிள்ளை முதலில் பூட்ஸைத்தான் பார்த்தார். ஒரு அளவு பெரிது. ஒரு குட்டியைத் தூக்கி மடியில் போட்டுக்கொண்டு, காதுக்குப் பின்னால் நகத்தால் கீறிப் பார்த்தார் டாக்டரம்மா.

"சுவத்துல ஒரசுதா? சொறியுதா?"

"இல்லைங்க" என்றாள் மனைவி.

"ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கு பாருங்க. அரிப்பும் இல்ல. இது சொறிப்பூச்சி இல்ல. தீவனத்துல என்ன போடுறீங்க?"

மாமனார் சட்டென்று திரும்பினார். "மாப்பிள்ள, டாக்டரம்மாவுக்கு ஒரு டீ போட்டு எடுத்துட்டு வாங்களேன்."

மாப்பிள்ளை டீ போட்டுக்கொண்டு வருவதற்குள் பேச்சு முடிந்திருந்தது. கொட்டகை வாசலில் அவர் காலடி கேட்டதும் மூன்று பேரும் ஆளுக்கொரு பன்றியைப் பார்க்கத் தொடங்கினார்கள். டாக்டரம்மா மட்டும் தரையைக் காலால் தேய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"புதுசா பூசின தரையா? கண்ணாடி மாதிரி இருக்கே. கொத்திவிடுங்க. குட்டிங்க காலு ஊனவே முடியாது. காலுல ஒரு கோளாறும் இல்ல, வழுக்குது, அவ்வளவுதான்."

மாப்பிள்ளை டீ டம்ளரை நீட்டியபடியே நின்றுவிட்டார். வழுக்கு! மழைக்காலம் வந்தால் கோடு போட்ட அடிப்பாகத்தைத் திருப்பிக் காட்டி, "இது வழுக்காதுங்க, நான் கேரண்டி" என்று எத்தனை பேர் தலையில் செருப்பைக் கட்டியிருக்கிறார்! அவர் கண்ணுக்குக் குட்டியின் கால் தெரிந்தது. காலுக்குக் கீழே தரை என்று ஒன்று இருப்பது தெரியவில்லை.

"அப்ப தோலு எதனால டாக்டரம்மா?"

டாக்டரம்மா மாமனாரைப் பார்த்தார். மாமனார் பன்றியைப் பார்த்தார்.

"துத்தநாகம், அதான் ஜிங்க், ஒடம்புல சேரல. மத்தத பெரியவருகிட்ட சொல்லியிருக்கேன்" என்று சொல்லிவிட்டு டீயை ஒரே மடக்கில் குடித்துவிட்டு பைக்கில் ஏறிவிட்டார். வாய் வெந்திருக்கும்.

மைத்துனன் அன்றே கடப்பாரையை எடுத்துத் தரையைக் கொத்திவிட்டான். குட்டிகள் வழுக்காமல் நடந்தன. மாப்பிள்ளை ஓரமாக நின்று ஒவ்வொரு காலாகப் பார்த்தார். அவருக்குச் சந்தோஷப்படவும் தைரியம் வரவில்லை.

சாயங்காலம் எல்லோரும் அவித்த கிழங்கைத் தட்டில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்கள். வெளியே தூறல்.

"சுண்ணாம்புத்தூள இனிமே பழைய அளவுக்குத்தான் போடணுமாம்" என்றாள் மனைவி, கிழங்கின் தோலை உரித்தபடி. "டாக்டரம்மா சொன்னாங்க."

"பழைய அளவுன்னா?"

"அப்பா சொன்ன அளவு. கூட போட்டா, அது சோளத்துலயும் சோயாவுலயும் இருக்கிற ஒண்ணோட சேந்துக்கிட்டு ஜிங்கையும் கட்டிப்புடிச்சுக்குமாம். கொடல் எடுத்துக்க முடியாதாம். தீவனத்துல ஜிங்க் இருந்தும் தோலுக்குப் போய்ச் சேராது. நேரா பின்வாசல் வழியா வெளிய போயிடும்."

"கூட யாரு போட்டா?"

மனைவியின் விரல் கிழங்கில் நின்றது.

"யாரோ போட்டிருக்காங்க" என்றாள்.

அறையில் இருந்தது நாலு பேர். மாமனாருக்குத் தராசு தெரியாது. மைத்துனன் தீவனக் கலவையில் கை வைப்பதில்லை. மனைவியின் வேலை ஈனும் கொட்டகையில். அந்த 'யாரோ' என்ற வார்த்தை மாப்பிள்ளையின் மடியில் வந்து உட்கார்ந்துகொண்டது. நீங்கதான் என்று யாராவது சொல்லட்டும் என்று அவர் மறுபடி கேட்கத்தான் வாயைத் திறந்தார். மாமனார் அதற்குள் கிழங்கை இன்னொன்று எடுத்து அவர் தட்டில் வைத்து, "சாப்பிடுங்க மாப்பிள்ள, மெலிஞ்சு போயிட்டீங்க" என்றார்.

"லாரிக்காரர் வர்றதுக்குள்ள தோலு சரியாவணும்ல?" என்று மைத்துனன் பேச்சைத் திருப்பினான். லாரிக்காரர் என்பவர் குட்டிகளை ஏற்றிக்கொண்டு போய், வளர்த்து விற்கிறவர். "அந்தக் காலத்துல போடுவோமே வெள்ளப் பொடி, ஜிங்க் பொடி, அத அள்ளி நாலு கை போட்டா என்ன? ஒரே வாரத்துல பளபளன்னு ஆயிடும்."

"நாலு கை போட்டா ரெண்டு கை எருவோட வெளிய வரும்" என்றாள் அக்கா. "அந்த எரு எங்க போவுது? கீழ இருக்கிற கீரைத் தோட்டத்துக்கு. மண்ணு பாக்குறவங்க போன வருஷமே வந்து சொல்லலையா, ஏற்கெனவே ஜிங்க் ஏறிக் கெடக்குதுன்னு? அது மண்ணுல போச்சுன்னா போனதுதான்டா. மழ அடிச்சிட்டுப் போவாது."

"அப்ப லாரிக்காரர்கிட்ட என்னத்த காட்டுறது?"

"சுண்ணாம்ப கொறச்சாச்சு. டாக்டரம்மா சொன்ன கொஞ்சூண்டு ஜிங்க். அவ்வளவுதான். பொறுத்திருக்கணும்."

"பொறுத்திருக்கலாம். அடுத்த ஈத்து பொறுக்குமா? இதுங்க எடத்தக் காலி பண்ணாத்தான் அதுங்கள கொண்டுவந்து விட முடியும். தோலு நோவுன்னு வெளிய ஒரு பேச்சு கெளம்பிச்சுன்னா, நம்ம கேட்டுப் பக்கம் ஒரு லாரி திரும்பாது."

மாமனார் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமலிருப்பதில் அவர் அந்த நாட்களில் நல்ல தேர்ச்சி அடைந்திருந்தார்.

அன்று இரவு படுக்கையில் மாப்பிள்ளை மனைவியிடம் கேட்டார். "நாளைக்கு நான் தீவன ரூமுக்குப் போவட்டா?"

"போங்களேன். யாரு வேணாம்னா?"

"போவணுமான்னு கேக்குறேன்."

"தூக்கம் வருதுங்க" என்றாள் அவள். வெகுநேரம் தூங்காமலே படுத்திருந்தாள்.

அவர் போனார். மாமனார் சொன்ன அளவைத் தராசில் மூன்று முறை நிறுத்தார். கூடுதல் டப்பாவைக் கவிழ்த்து வைத்து அதன்மேல் ஒரு கல்லையும் வைத்தார். ஆனால் பக்கத்திலேயே மைத்துனன் ஏதோ சாக்கில் வந்து நின்றான். அவன் போனதும் மனைவி வந்து நின்றாள். ஜன்னலில் மாமனாரின் தலை தெரிந்து மறைந்தது. கண் தெரியாதவர் எதை எட்டிப் பார்த்தார் என்று தெரியவில்லை. மாப்பிள்ளைக்கு ஒரு கட்டத்தில் தோன்றியது: வெளியே போடா என்று ஒருவர் கழுத்தைப் பிடித்துத் தள்ளினால்கூட இதைவிட நிம்மதியாக இருக்கும்.

குட்டிகள் தொட்டியை நக்க ஆரம்பித்தன. ஏடு ஓரத்தில் விட்டுக்கொடுத்து, அடியில் இளஞ்சிவப்பாகப் புதுத்தோல் தெரிந்தது. இன்னும் கொஞ்ச நாள் கிடைத்திருந்தால் போதும். லாரிக்காரர் சொன்ன தேதிக்கு முன்னாலேயே வந்து நின்றார்.

ஆள் பெரிய உடம்பு, சின்னக் குரல். கொட்டகைக்குள் நுழைந்தவர் முதல் அடைப்பிலேயே நின்றுவிட்டார்.

"என்ன பெரியவரே இது? சொறியா?"

"சேச்சே, சொறியெல்லாம் இல்ல. மழ ஈரம்."

"மழ என் பண்ணையிலயும்தான் பேஞ்சுது."

"தண்ணி கொஞ்சம் மாறிப்போச்சு."

"எனக்கு வெவரம் தெரிஞ்ச நாளா இதே கெணத்துத் தண்ணிதான குடிக்குதுங்க?"

மைத்துனன் கைகொடுக்க வந்தான். "ஒரு வகப் பூச்சிங்க. அதுவா வரும், அதுவா போயிடும்."

"பூச்சியா!" லாரிக்காரர் இரண்டடி பின்னால் போனார். "அப்ப தொத்திக்கும்ல? என் பண்ணையில இருக்கிறதெல்லாம் நாசமாப் போகவா? நல்லா இருக்கீங்க நீங்க எல்லாரும்!" வெளியே பார்த்து, "டேய், வண்டியத் திருப்புடா" என்று கத்தினார். சின்னக் குரல் கத்தும்போது மட்டும் பெரிதாகிவிட்டது.

மாப்பிள்ளை குறுக்கே போய் நின்றார்.

"அண்ணே, பூச்சி இல்ல, மழ இல்ல, தண்ணி இல்ல. நான்தான். சுண்ணாம்புத்தூள கூடப் போட்டுட்டேன். அது ஜிங்க சேரவிடாம பண்ணிடுச்சு. தொத்துற நோவு இல்ல. இப்ப கொறச்சாச்சு, புதுத்தோலு வருது. வந்து பாருங்க."

லாரிக்காரர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு சிரித்தார்.

"நல்லா இருக்கு பெரியவரே. மழையச் சொன்னீங்க, எடுபடல. தண்ணியச் சொன்னீங்க, எடுபடல. இப்ப மாப்பிள்ளைய முன்னால தள்ளிவிடுறீங்க. வீட்டு மாப்பிள்ள தப்புன்னா நான் மேல கேக்கக் கூச்சப்படுவேன்னு கணக்கு. இல்ல?"

"அண்ணே, சத்தியமா நான்தாண்ணே."

"நீங்க சொல்லுவீங்க. சொல்லிக்குடுத்தா சொல்ல மாட்டீங்களா? பெரியவர் சொல்லட்டும். அவரு வாயால மாப்பிள்ளையக் கொற சொன்னா நம்புறேன். அவரு எங்க சொல்லப் போறாரு!"

எல்லோரும் மாமனாரைப் பார்த்தார்கள். மாமனார் தோளில் கிடந்த துண்டை எடுத்து உதறினார். மறுபடி போட்டுக்கொண்டார். லாரி பின்பக்கமாக நகர்ந்து கேட்டுக்கு வந்துவிட்டது.

"மாமா" என்றார் மாப்பிள்ளை. "அவரு கேக்குறாரு. நானும் கேக்குறேன். தோலு கெட்டதுலேந்து கேக்குறேன். இந்தக் குட்டிங்க தோலு யாரால போச்சு?"

"அது வந்து மாப்பிள்ள…" என்று ஆரம்பித்தார் மாமனார். தொண்டையைச் செருமினார். அவர் மகள் தலையைக் குனிந்துகொண்டாள். அடைப்புக்குள் ஒரு குட்டி இருமியது.

"இவராலதான்!" என்று மாமனார் போட்ட சத்தத்தில் குட்டிகள் எல்லாம் மூலைக்கு ஓடின. "வேற யாரால? நிறுத்துப் போட்டத நிறுத்துப் போட்டபடி விட்டாத்தானே? பாசம்! பொங்கிப் பொங்கி வழியுது! டப்பா டப்பாவா அள்ளிப் போட்டிருக்காரு. கால் வழுக்குதாம், எலும்புல பலமில்லையாம்! தரைய ஒரு தடவ தொட்டுப் பாத்தா என்னய்யா? செருப்பு வித்த மனுஷன்! நான் மூட்டைய ஒளிச்சு வச்சா, போயி அதவிடப் பெரிய மூட்டையா வாங்கிட்டு வந்து என் காலடியிலயே எறக்குறாரு! ரெண்டு மாசத்துக்கு வருமாம்! அன்னிக்கே எனக்கு நெஞ்சு அடைச்சிருக்கணும். ஒரு குட்டியத் தூக்கிப் பாத்தா அழுகை வருது எனக்கு, அட்ட மாதிரி இருக்கு தோலு. சொல்லவும் முடியாம, முழுங்கவும் முடியாம… இவராலதான்! போதுமா?"

மைத்துனன் வாயை மூட மறந்து நின்றான்.

லாரிக்காரர் மெதுவாக அடைப்புக்குள் இறங்கினார். ஒரு குட்டியைப் பிடித்துக் காதைத் திருப்பிப் பார்த்தார். ஏட்டை விரலால் தூக்கிப் புதுத்தோலைப் பார்த்தார். சுவரில் உரசிய தடம் இருக்கிறதா என்று சுற்றுமுற்றும் பார்த்தார். அவர் தோள் குலுங்கியது. பார்த்தால், சிரிப்பு.

"ஒளிச்சு வச்ச மூட்டைக்குப் பதிலா… அய்யோ! இது யாரும் சொல்லிக்குடுத்து வர்ற பேச்சில்ல." கண்ணைத் துடைத்துக்கொண்டார். "சரி பெரியவரே. இந்த ஏடெல்லாம் உதிரட்டும். அடுத்த வாரக் கடைசியில வந்து ஏத்திக்கிறேன். அந்த டாக்டரம்மாவ எனக்கு ஒரு போன் போடச் சொல்லுங்க. வெளிய நான் வாயத் தெறக்க மாட்டேன்." கேட்டுக்குப் போகும்வரை அவருக்குச் சிரிப்பு அடங்கவில்லை. லாரிக்குள்ளிருந்தும் கேட்டது.

லாரி போன பிறகு யாருக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை. மாமனார் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். சொன்னதற்கு வெட்கப்படுகிறாரா, இத்தனை நாள் சொல்லாததற்கா என்று முதுகைப் பார்த்துச் சொல்ல முடியாது. மனைவி புருஷன் பக்கத்தில் வந்து நின்றாள். அவர் மறுபடி பேச்சில்லாமல் போய்விடுவாரோ என்று முகத்தை முகத்தைப் பார்த்தாள்.

மாப்பிள்ளையின் முகம் வியர்த்திருந்தது. காய்ச்சல் விட்டவன் முகம் மாதிரி இருந்தது.

"மாமா, இன்னொண்ணும் கேட்டுடுறேன்" என்றார். "நாளையிலேந்து தீவனம் நான் கலக்கட்டா, வேணாமா?"

மைத்துனன் அவசரமாகத் தண்ணீர்க் குழாயைத் தேடினான். மாமனார் திரும்பினார். பாத்துக்கலாம் மாப்பிள்ள, அதுக்கென்ன இப்ப என்று சொல்லப்போகிறவர் போலத்தான் உதட்டைக் குவித்தார். பிறகு மருமகனை நேராகப் பார்த்தார். புரை விழுந்த கண்ணில் எவ்வளவு தெரிந்ததோ, அவ்வளவையும் பார்த்தார்.

"வேணாம்" என்றார். "நாளைக்கு மட்டுமில்ல, என்னிக்குமே வேணாம். உங்க கை தாராளக் கை. தீவன ரூமுக்கு அது ஆகாது. கலக்குறது இனிமே என் மக. தொட்டி தொட்டியா கொண்டுபோய்க் கொட்டுறது நீங்க. எந்தக் குட்டி திங்குது, எது திங்கலன்னு நின்னு பாத்து வந்து சொல்லணும், அதுக்கு உங்களவிட்டா இங்க ஆளில்ல. ஆனா அவ குடுத்தத குடுத்தபடி கொட்டணும். மேல ஒரு சிட்டிகை போட்டீங்க, தொலைச்சுடுவேன். போங்க, மணியாச்சு, பசியில கத்துதுங்க பாருங்க."